கடைமடை மண்ணும் எர்த் கம்பியும்

வீட்டு மின்சாரத்துக்கு மூன்று கம்பிகள். பேஸ் கரண்டைக் கொண்டுவருகிறது. நியூட்ரல் அதைத் திருப்பி எடுத்துப்போகிறது. மூன்றாவதான எர்த் கம்பிக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை, ஒரு வேலையும் கிடையாது. அது அறுந்துபோனாலும் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், கிரைண்டர் மாவாட்டும். அதனால் அது இல்லாததை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கிற நாளில் பெரும்பாலும் யாருக்காவது ஷாக் அடித்திருக்கும்.

காரைக்கால் நகரை ஒட்டிய தருமபுரத்தில் இந்தக் கம்பியின் கதை கொஞ்சம் விநோதமானது. யாழில் அடங்காத பண்ணில் சம்பந்தர் பதிகம் பாடினார் என்ற கதையால் பெயர்பெற்ற யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் ஊர் அது. காவிரியின் கிளைகள் சோர்ந்துபோய்க் கடலைத் தொடும் கடைமடை. அரசலாறு காரைக்காலில்தான் கடலில் சேர்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும், சில அடியிலேயே தண்ணீர், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு. மின்சாரம் மண்ணுக்குள் இறங்க இதைவிட வாகான இடம் தேடவேண்டியதில்லை. மண்ணின் தடையை ஓம்-மீட்டர் கணக்கில் சொல்வார்கள். கடல்நீருக்கு அது சுமார் 0.2. ஈரக் களிமண்ணுக்குப் பத்தை ஒட்டி வரும். காய்ந்த மணலுக்கு ஆயிரத்தைத் தொடும். பாறைக்கு இன்னும் மேலே போகும். எர்த் போட மலையூர்க்காரர் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே படவேண்டாம். அப்படிப்பட்ட மண்ணின் மேல் கட்டிய வீடுகளில் எர்த் வேலைசெய்யாமல் போனதும், அதற்கு அந்த நல்ல மண்ணே ஓரளவு காரணமானதும்தான் இந்த வரலாற்றின் சாரம்.

மின்சாரம் முதலில் மனிதருக்கு விளையாட்டாகத்தான் அறிமுகமானது. 1745-46இல் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் கண்டுபிடிக்கப்பட்ட லைடன் ஜாடி, உராய்வில் பிறந்த நிலைமின்சாரத்தைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் கொடுத்தது. 1746இல் பிரெஞ்சுப் பாதிரியாரும் இயற்பியலாளருமான நொல்லே, பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் 180 காவல்வீரர்களைக் கைகோத்து நிற்கவைத்து அந்த ஜாடியைத் தொடச்செய்தார். வரிசை முழுதும் ஒரே நொடியில் துள்ளியது. காரைக்கால் அப்போது அதே மன்னரின் கொடியின் கீழ்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கைக்கு அது 1739இல் வந்திருந்தது. நொல்லேயின் அந்தக் காட்சிக்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1752 மே மாதம், பாரிஸுக்கு அருகே மார்லி என்ற ஊரில் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்னபடி நிறுத்திய இரும்புக் கம்பி புயல்மேகத்திலிருந்து பொறி வாங்கியது. ஜாடியில் அடைபட்டதும் வானத்தில் இடிப்பதும் ஒன்றே என்று அன்று நிரூபணமானது. இடிதாங்கி அதிலிருந்து பிறந்தது.

கோயில் கோபுரத்துச் செப்புக் கலசங்களே நம் முன்னோர் வைத்த இடிதாங்கி என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடிதாங்கியின் உச்சி அதில் பாதிதான். மறுபாதி உச்சியிலிருந்து மண் வரை அறுபடாமல் இறங்கும் உலோகப் பாதை. செங்கல்லும் சுதையுமான கோபுரத்தின் தலையில் கலசம் மட்டும் இருந்து, கீழே இறங்கக் கம்பி இல்லையென்றால், மின்னலுக்கு வழி அந்தச் செங்கல்லே. எர்த் என்பது மேலே இருக்கும் பொருளன்று, கீழே போகும் வழி. வீட்டு வயரிங்கிலும் இதே தவறுதான் வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப நடந்தது.

மண்ணைக் கம்பியாகவே பயன்படுத்தலாம் என்று காட்டியது தந்தி. மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் 1838இல் தந்திக்கு ஒரே ஒரு கம்பி போதும், திரும்பும் வழியைப் பூமி பார்த்துக்கொள்ளும் என்று கண்டார். மறு ஆண்டே கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னஸி என்ற மருத்துவர் தம் சோதனைத் தந்தியில் ஹூக்ளி ஆற்று நீரையே திரும்பும் கம்பியாக்கினார். அவர் கண்காணிப்பில் 1850களில் எழுந்த தந்தித் தடங்கள் சென்னை வரை வந்தபோது, இந்த நாட்டு மண் மின்சாரத்தைச் சுமப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. வீட்டுக்கு விளக்கு வருமுன்பே எர்த் வந்துவிட்டது. ஆனால் காவலனாக இல்லை, கூலியில்லாச் சுமைதூக்கியாக.

விளக்கு மின்சாரம் வந்த தொடக்கத்தில் பொறியாளர் பலருக்கு எர்த் என்றாலே பழுது. கம்பி இரண்டும் மண்ணைத் தொடாமல் இருக்கவேண்டும், தொட்டால் கோளாறு. கொஞ்சகால அனுபவம் இந்த எண்ணத்தைத் திருப்பிப்போட்டது. இரண்டு கம்பியும் மண்ணிலிருந்து விலகி இருக்கும் அமைப்பில் முதல் பழுது வெளியே தெரியாது. இரண்டாவது பழுது வரும்போதுதான் ஆளைக் கொல்லும். அதைவிடப் பெரிய பயம் டிரான்ஸ்பார்மரில் இருந்தது. உயர் அழுத்தச் சுருள் உள்ளுக்குள் தாழ் அழுத்தச் சுருளைத் தொட்டுவிட்டால், ஆயிரக்கணக்கான வோல்ட் நேராக வீட்டு விளக்குக்கு வரும். ஆகவே டிரான்ஸ்பார்மரின் நடுக்கம்பியை வேண்டுமென்றே மண்ணோடு கட்டுவது மரபாயிற்று. இன்று தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கும்போது, அதன் நியூட்ரல் அங்கேயே எர்த் குழியில் இறங்குகிறது. இதற்கு ஒரு விலை உண்டு: அதற்குப் பின் மண்ணில் நிற்கும் எவரும் அந்தச் சுற்றின் ஒரு முனையில் நிற்பவரே. ஒரு கையால் பேஸைத் தொட்டால் போதும்.

இந்த ஆபத்துக்கு மாற்றாக வந்ததுதான் மூன்றாவது கம்பி. கருவியின் உலோக உடம்பைக் கம்பியால் மண்ணோடு கட்டிவிட்டால், உள்ளே பேஸ் உடம்பைத் தொடும்போது பெருங்கரண்ட் பாய்ந்து பியூஸ் போகும். ஆள் தொடுமுன் சப்ளை நின்றுவிடும். பிரிட்டன் 1934இல் வெளியிட்ட பி.எஸ். 546 தரநிலையின் உருண்டை முள் பிளக்கில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமனும் அதிகம். செருகும்போது அது முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில் விடும். பிரிட்டன் 1947இல் செவ்வக முள்ளுக்கு மாறிவிட்டது. இந்தியா அந்தப் பழைய உருண்டை முள்ளையே தன் தரநிலை ஆக்கிக்கொண்டு இன்றுவரை வைத்திருக்கிறது. தருமபுரத்து அடுப்பங்கரையில் மிக்ஸி செருகப்படும் ஓட்டை லண்டனில் கைவிடப்பட்ட ஓட்டைதான்.

1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்தபின் சென்னை மாகாணத்தில் மின்சாரம் பெருநகரங்களைத் தாண்டியது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1ஆம் தேதி விடுபட்டு, சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்டில் முடிந்து, மறு ஆண்டு புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதியானது. இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கும் நீட்டப்பட்டன. மின்சாரத்தில் அவற்றுள் முக்கியமானவை 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டமும் 1956ஆம் ஆண்டு விதிகளும். அந்த விதிகளின் 33ஆவது, நுகர்வோர் வீட்டில் சப்ளை தொடங்கும் இடத்தருகே எர்த் முனை ஒன்றைச் சப்ளை செய்பவரே வைத்துத் தரவேண்டும் என்றது. 61ஆவது எர்த் செய்யவேண்டிய முறையைச் சொன்னது. எழுத்தில் இருந்தது இது. நடைமுறையில் டெல்டா முழுவதும் வீட்டுக்காரர்தான் வாசலிலோ கொல்லையிலோ குழி வெட்டினார். மீட்டர் வரைக்கும் ஒருவர் பொறுப்பு, அதற்குப் பின் இன்னொருவர் பொறுப்பு என்ற இந்தப் பிளவில் எர்த் கம்பி இருவருக்கும் இல்லாமல் தொங்கியது.

அந்தக் கால வீட்டு வயரிங் பேட்டன் வயரிங். தேக்குப் பட்டியலைச் சுவரில் அடித்து, அதன்மேல் கறுப்பு ரப்பர் உறை வயரை ஓட்டி, தகரக் கிளிப்பால் அரையடிக்கு ஒன்று கவ்வியிருப்பார்கள். பேஸும் கறுப்பு, நியூட்ரலும் கறுப்பு. பட்டியலோடு ஒட்டி உறையில்லாத ஒரு மொட்டைக் கம்பி ஓடும், அதுதான் எர்த். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதன்மேலும் சுண்ணாம்பு ஏறும். ஆணி அடிக்க இடைஞ்சலானால் வெட்டிவிடுவார்கள். படம் மாட்ட, கொசுவலை கட்ட, பரண் போட என்று பத்து வருஷத்தில் அது மூன்று துண்டாகியிருக்கும். விளக்கு எரிவதை இது எதுவும் தடுக்கவில்லை. பின்னாளில் பி.வி.சி. குழாய் சுவருக்குள் போனது, பச்சை வயர் வந்தது. பச்சை என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் சுவருக்குள் போனபின் அது சுவிட்ச் போர்டில் முடிகிறதா, மண்ணுக்குப் போகிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை.

எர்த் குழி வெட்டுவது டெல்டாவில் அரைநாள் வேலை. ஆளுயரத்துக்கும் மேலான ஜி.ஐ. பைப், அடியில் துளைபோட்டது. மூட்டையில் அடுப்புக்கரி, இன்னொரு மூட்டையில் கல்லுப்பு. மண்வெட்டி மூன்றடி போனதும் மண் நிறம் மாறி, சாம்பல் கலந்த கருங்களி பிசுபிசுவென்று மண்வெட்டியில் ஒட்டும். இன்னும் இரண்டடியில் தண்ணீர் ஊறும். பைப்பை நட்டு, ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடி, தலையில் புனல் வைத்துச் சிமெண்டுத் தொட்டி கட்டி, கிளாம்ப்பில் கம்பியை முறுக்குவார்கள். இந்தியத் தரநிலை நிறுவனம் 1966இல் வெளியிட்டு, 1987இலும் 2018இலும் திருத்திய ஐ.எஸ். 3043 இதற்கான கணக்கைத் தருகிறது: ஜி.ஐ. பைப் 38 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குக் குறையாமல், இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும்.

அதே தரநிலையின் தடைச் சூத்திரத்தில் தருமபுரத்துக் களியைப் போட்டுப் பார்த்தால், பத்து ஓம்-மீட்டர் மண்ணில் அப்படி ஒரு பைப்பின் தடை மூன்றரை ஓம் அளவில் வரும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தையும் சேர்த்து ஐந்து ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் 46 ஆம்பியர் பாயும். ஐந்து ஆம்பியர் பியூஸ் கம்பி உருகி ஓடிவிடும். இதே பைப்பை ஆயிரம் ஓம்-மீட்டர் காய்ந்த மணலில் நட்டால் தடை 350 ஓம். பாய்வது முக்கால் ஆம்பியருக்கும் குறைவு. பியூஸுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. கருவியின் உடம்பு முழுப் பேஸோடு தொடர்ந்து நின்றுகொண்டிருக்கும். பைப் ஒன்றுதான், கரி ஒன்றுதான், வயர்மேனும் ஒருவர்தான். மண்தான் வேறு.

களிமண்ணுக்குள்ளும் பருவம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை நிற்காமல் பெய்யும்போது தடை அடியில் கிடக்கும். சித்திரை, வைகாசியில் வயல் வெடித்து, வெடிப்புக்குள் கை நுழையும் அளவு பிளக்கும்போது ஏறிவிடும். மேட்டூரில் டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்கும் காவிரி, நல்ல வருஷத்தில் ஜூன் மாதம் கதவு திறந்து, வாரக்கணக்கில் நடந்து கடைமடையை நனைக்கும்போது எர்த் குழியும் நனைகிறது. கோடையில் புனல்வழியே ஒரு குடம் தண்ணீர் விடவேண்டும் என்பது அதனால்தான். குழிக்குமேல் டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் அந்தப் பழக்கம் டைல்ஸோடு போயிற்று.

உப்பு போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பும் கரியும் தடை மிகுந்த மண்ணுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை. ஏற்கெனவே உப்பு ஊறிய கடலோரக் களியில் அதனால் கிடைக்கும் ஆதாயம் கொஞ்சம். இரும்புக்கு வரும் கேடு அதிகம். மலையூருக்கு எழுதிய மருந்தைக் கடற்கரைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுவந்தார்கள். துருவுக்குப் பிடித்த இடம் மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த அரையடி. மேலே கிளாம்ப் பார்க்க நன்றாக இருக்கும், கீழே பைப்பும் ஓரளவு இருக்கும். இடையில் கழுத்து மட்டும் கரும்புச் சக்கை மாதிரி பொடிந்திருக்கும்.

குழியே வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு அடிபம்பு இருந்தது. இருபது, முப்பது அடி இரும்புக் குழாய் நேராக நிலத்தடி நீரில் நிற்கிறது; இதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும் என்று கம்பியை அதில் சுற்றினார்கள். கணக்கு சரி. ஆனால் வீட்டில் ஒரு கருவி கசிந்தால் தண்ணீர் அடிக்கும் கைப்பிடியில் கரண்ட் ஏறக்கூடும். அதைப் பிடிப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர். பிறகு குழாய்த் தண்ணீர் வந்தது, ஜி.ஐ. குழாய் எர்த் ஆயிற்று. அதன்பின் ஜி.ஐ. போய் பி.வி.சி. வந்தது. குழாயை மாற்றிய பிளம்பருக்குத் தாம் ஒரு வீட்டின் எர்த்தையே கழற்றிப் போட்டது தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாயை மட்டும் நம்பி எர்த் செய்யக்கூடாது என்று பிரிட்டிஷ் விதிகள் 1960களிலேயே திருந்தியதற்கும் இதே காரணம்தான்.

எர்த் இல்லாத வீட்டை முதலில் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் கிரைண்டர். கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த ஈரமாவு கிரைண்டர் தென்னாட்டு அடுக்களையின் அடையாளமானது. தமிழ்நாட்டில் 2011க்குப் பின் அரசே இலவசமாகக் கொடுத்தது. மோட்டார், இரும்பு உடம்பு, வழியும் மாவு, ஈரக்கை, சிமெண்டுத் தரை ஆகிய ஐந்தும் ஒரே இடத்தில் கூடும் கருவி வேறில்லை. “கிரைண்டரு லேசா புடிக்குது” என்று தொடங்கும் பேச்சு, “செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு” என்பதில் முடியும். பக்கத்தில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி நிரந்தரமாகக் கிடக்கும். சில வீடுகளில் நிற்பதற்கு மணைப்பலகை. பலகை நோயை மறைத்தது, தீர்க்கவில்லை. அடுத்தவீட்டுப் பெண் வெறுங்காலோடு வந்து தேங்காய் அரைக்கும் நாளில்தான் அது மறுபடி தெரியும்.

பிளக்கின் மூன்றாவது முள்ளுக்கும் இதே கதிதான். மூன்று முள் பிளக் போர்டில் நுழையவில்லை என்றால் எர்த் முள்ளை ரம்பத்தால் அறுத்துவிடுவது ஒரு வழி. இரண்டு முள் பிளக்கை மூடி போட்ட சாக்கெட்டில் செருக, எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திரையைத் தூக்குவது இன்னொன்று. பிளக்கே இல்லாமல் வயரைச் சீவி, இரண்டு ஓட்டையிலும் தீக்குச்சியால் இறுக்குவது மூன்றாவது. அதில் பச்சை வயர் வெளியே மடங்கித் தொங்கும். கல்யாணப் பந்தல், கோயில் திருவிழா சீரியல் செட் எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான் எரிந்தன.

ஷாக் எல்லாம் ஒன்றல்ல என்பது பழுதைக் கண்டறிவதில் முதல் பாடம். காரைக்கால் கடற்கரையில் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் அந்த ஈரத்தில் கசிந்து போய்விடும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டதும் ‘டிக்’ என்று சுடும் அனுபவம் ஊரில் அபூர்வம். பிரான்சில் குடியேறிய காரைக்கால் குடும்பங்களுக்கு அது மார்கழி, தை மாதத்து அன்றாடம். ஹீட்டர் காயவைத்த அறை, கம்பளித் தரைவிரிப்பு, நைலான் சட்டை. பல்லாயிரம் வோல்ட் உடம்பில் ஏறி விரல்நுனியில் பொறியாகும். ஆனாலும் அதில் இருக்கும் சக்தி மிகச் சொற்பம், ஒரு நொடியின் கோடியில் சில பங்கில் முடிந்துவிடும். வீட்டு எர்த்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊரிலும் ஏ.சி. நாள்முழுதும் ஓடும் அறையில் இதே பொறியை இப்போது பார்க்கலாம்.

வித்தியாசம் காண்பது எளிது. நிலைமின்சாரம் ஒருமுறை அடித்து ஓய்ந்துவிடும். மறுபடி நடந்து உரசினால்தான் திரும்ப வரும். கசிவு ஓயாது. கையை வைத்திருக்கும்வரை இருக்கும், செருப்பு போட்டால் குறையும், தரையைத் துடைத்த உடனே கூடும், சுவிட்சை அணைத்தால் பெரும்பாலும் நிற்கும். இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு: பிரிட்ஜ் கதவைப் புறங்கையால் லேசாகத் தடவும்போது பட்டுப்போல வழவழப்பாக இருக்கவேண்டிய பெயிண்ட் சொரசொரவென்று அதிரும், அழுத்திப் பிடித்தால் ஒன்றுமிருக்காது. அமெரிக்காவில் மாலின்க்ரோட் என்பவர் எரியும் விளக்கின் பித்தளைப் பிடியில் இதைக் கவனித்து, 1953இல் சகாக்களுடன் ஆய்வுக் கட்டுரையாக்கினார். உலோகத்துக்கும் உலர்ந்த தோலுக்கும் நடுவில் மாறுமின்னழுத்தம் தோலை இழுத்து இழுத்து விடுவதால் வரும் அதிர்வு அது. கருவியின் உடம்பில் பேஸ் இருக்கிறது, எர்த் இல்லை என்பதற்குத் தோல் தரும் முதல் சாட்சி.

வயர்மேன் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டரை இந்த இடத்தில் அதிகம் நம்பக்கூடாது. அதன் நியான் விளக்கு எரிய மிகச் சிறு கரண்ட் போதும். கம்ப்யூட்டர் பெட்டியில், எர்த் இல்லாத வீட்டில், டெஸ்டர் நன்றாகவே எரியும். பெட்டியில் பழுது இருக்காது. உள்ளே இரைச்சலை வடிகட்டப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இரண்டு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். உடம்புக்கு எர்த் கிடைக்காவிட்டால் அது பாதி வோல்டேஜில், 115 அளவில், மிதக்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு. சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். அதே டெஸ்டர் அதே பிரகாசத்தில் மோட்டார் சுருள் உருகி உடம்பைத் தொட்ட கிரைண்டரிலும் எரியும். ஒன்று தொந்தரவு, மற்றது எமன்.

பழைய வயர்மேன்கள் இதற்கு டெஸ்ட் லாம்ப்பைத்தான் நம்பினார்கள். ஒரு ஹோல்டர், நூறு வாட் குண்டு பல்பு, இரண்டு வயர். சாக்கெட்டின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் வைத்து ஒளியைப் பார்ப்பது. பிறகு நியூட்ரல் முனையை எடுத்து எர்த் ஓட்டையில் வைப்பது. அதே ஒளி வந்தால் எர்த் உண்டு. மங்கினால் குழி காய்ந்திருக்கிறது அல்லது பைப் துருப்பிடித்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். இந்தச் சோதனை சில நொடிக்குமேல் செய்யக்கூடாதது. அறுந்த எர்த்தில் மற்றக் கருவிகள் மாட்டியிருந்தால் அவற்றின் உடம்பெல்லாம் பல்புவழியே பேஸ் ஆகிவிடும். கசிவு எந்தக் கருவியில் என்று காண, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதைத் தாண்டி இன்னும் யாரும் புது வழி கண்டுபிடிக்கவில்லை. வயரிங்கிலேயே கசிவென்றால் 500 வோல்ட் மெக்கர் வேண்டும். லண்டன் எவர்ஷெட் நிறுவனம் 1903இல் பதிவுசெய்த வணிகப் பெயர் அது. கைப்பிடி சுற்றும் பெட்டி போய் பட்டன் வந்தபின்னும் தமிழில் பெயர் மெக்கர்தான்.

எலக்ட்ரானிக் மீட்டர் வந்தபின் இன்னொரு சாட்சி கிடைத்தது. போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் பல மீட்டர்களின் முகத்தில் எர்த் லோடு என்று காட்டும் சிறு சிவப்பு விளக்கு எரியும். அது திருட்டைப் பிடிக்க வைத்தது. பழைய தட்டு மீட்டரில் ஒரு கம்பியின் கரண்டை மட்டுமே அளந்தார்கள்; கம்பியை இடம் மாற்றிவிட்டு மண்ணையே நியூட்ரலாக்கினால் மீட்டர் சுற்றாது. கடைமடைக் களி இந்த வேலைக்கும் குறைவைக்கவில்லை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்த இரவுகளில் கடப்பாரையைக் கொல்லையில் அடித்து, அதில் வயர் சுற்றி, பல்பும் டி.வி.யும் ஓட்டியவர்கள் உண்டு. எரிந்தது, மண் அவ்வளவு நல்ல மண். ஆனால் அந்தக் கடப்பாரையைச் சுற்றி மண்ணின் மேல்பரப்பில் அடிக்கு அடி வோல்டேஜ் மாறும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகமுள்ள மாட்டுக்குத்தான் அதில் முதல் ஆபத்து. மழைநாளில் கட்டுத்தறியில் மாடு செத்துக்கிடப்பதற்கு இடி மட்டும் காரணமல்ல.

நியூட்ரல் அறுவது கடலோரத்துக்குப் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் ஏறிவந்த பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவக் குப்பங்களில் கம்பியும் கம்பமும் வீட்டோடு போயின. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மூன்று பேஸ் கம்பத்தில் நியூட்ரல் மட்டும் போய் பேஸ்கள் நின்றால், ஒரு வீட்டில் பல்பு மங்கும், பக்கத்து வீட்டில் வோல்டேஜ் முந்நூறைத் தாண்டி டி.வி. புகையும். வீட்டுக்குள் யாரோ ஒருகாலத்தில், எர்த் குழி வெட்டும் செலவை மிச்சப்படுத்த, சுவிட்ச் போர்டில் நியூட்ரலிலிருந்து ஒரு சிறு துண்டு வயரை எர்த் முனைக்குப் போட்டிருந்தால், விபரீதம் இன்னும் பெரிது. நியூட்ரல் அறுந்த அந்த நிமிடத்தில் வீட்டில் எர்த் செய்யப்பட்ட உடம்புகள் எல்லாமே ஒரே நேரத்தில் பேஸ் ஆகும். காப்பாற்றப் போட்ட பச்சை வயரே கரண்டை அறை அறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

எர்த் குழியை மட்டும் நம்பாமல் ஆளைக் காக்கும் கருவிக்கு வழி சுரங்கத்தில் பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களுக்காக ஹென்றி ரூபின் 1950களின் நடுவில் கசிவுத் துண்டிப்பான் செய்தார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தன்னார்வலர்களின் கையில் கரண்ட் பாய்ச்சி, எத்தனை மில்லி ஆம்பியரில் பிடி விடமுடியாமல் போகிறது என்று அளந்தவர். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்குப் பத்தரை என்று கண்டு, 1961இல் சில மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுக்கும் கருவியை வடிவமைத்தார். போனதும் வந்ததும் சமமா என்று மட்டும் இவ்வகைக் கருவி பார்க்கும். இங்கே வீடுகளில் மாட்டுவது, 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் நொடியில் சிறு பங்குக்குள் சப்ளையை அறுக்கும். பியூஸ் பார்ப்பது வயர் எரியாமல். இது பார்ப்பது ஆள் சாகாமல். மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்து 2023இல் மாற்றி எழுதிய பாதுகாப்பு விதிமுறைகள் இதை வீடுகளுக்கும் கொண்டுவந்தன. கடையில் அதன் பெயர் இன்றும் ஈ.எல்.சி.பி.; பெட்டியில் அச்சிட்டிருப்பது ஆர்.சி.சி.பி.

பழைய வீட்டில் இதை மாட்டிய அன்றே அது நிற்பதில்லை. லீவரைத் தூக்கினால் விழும், மறுபடி தூக்கினால் மறுபடி விழும். புதுக் கருவிதான் கோளாறு என்று இரண்டு வயரையும் நேராக இணைத்து அதை வேலையற்றதாக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. பொறுமையுள்ளவர் ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றிக்கொண்டே போவார். அடுப்பங்கரை போர்டைத் திறந்தால் கறுப்பு வயரும் பச்சை வயரும் ஒரே திருகின்கீழ் கிடக்கும். அதைப் பிரித்ததும் லீவர் நிற்கும். ஆனால் பச்சை வயர் இப்போது எங்கும் போவதில்லை. கொல்லையில் டைல்ஸை உடைத்துப் பழைய தொட்டியின் மூடியைத் தூக்கினால் கிளாம்ப் இருக்கும், போல்ட் இருக்கும். பைப்பைப் பிடித்து லேசாக அசைத்தால் ஒரு சாண் துண்டு கையோடு வந்துவிடும். அங்கிருந்து நாலடி தள்ளி, உப்பு மூட்டை இல்லாமல், புதிதாக ஒரு குழி.